பழைய வாகனத்துக்கு யார் காவல்?



கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, பள்ளிவாசல் மதிலோரம் நின்ற ஒரு மோட்டார் சைக்கிளைக் காணவில்லை. நாட்கூலிக்கு மேசன் வேலை செய்யும் ஒரு சகோதரருடைய பழைய சைக்கிள் அது. பக்கத்தில் நின்ற புதிய சைக்கிள்கள் அப்படியே இருந்தன. "ஹேண்டில் லொக் பழுதாகிப் பல வருடம். அவர்தான் கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு நம்மில் பலர் சோறு தின்னப் போய்விட்டோம். நாம் சொன்னது நியாயமா? சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

அமெரிக்காவில் போர்ட் கம்பனியின் 'மொடல் டி' கார் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் அதிகமாக உற்பத்தியானது. அதன் திறப்பு பெயருக்குத்தான் திறப்பு. சுமார் இரண்டு டசின் வகைத் திறப்புகளே இருந்தன. எந்த வகை என்ற இலக்கமும் சுவிட்ச் தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. ஒருவரின் திறப்பு இன்னும் எத்தனையோ பேரின் காருக்குப் பொருந்தியது. களவு பெருகவே, திருட்டு வாகனத்தை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு செல்வதைச் சமஷ்டிக் குற்றமாக்கும் சட்டம் 1919இல் வந்தது. ஆனால் சட்டம் களவு போன பிறகுதான் வேலை செய்யும். வாசலில் நிற்கும் வாகனத்தை அது காக்காது.

அடுத்து வந்தது ஸ்டியரிங் பூட்டு. திறப்பை எடுத்ததும் ஓர் இரும்பு ஆணி ஸ்டியரிங் தண்டை இறுக்கிக்கொள்ளும். நமது சைக்கிளின் ஹேண்டில் லொக்கும் இதே யோசனைதான். இங்கேதான் இரண்டு நாடுகள் இரண்டு வழியில் போயின.

மேற்கு ஜேர்மனி 1960களின் தொடக்கத்தில் இந்தப் பூட்டைப் புதியது, பழையது என்று பாராமல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாக்கியது. களவு வெகுவாகக் குறைந்தது. பிரித்தானியாவிலோ 1971இலிருந்து புதிய கார்களுக்கு மட்டும் பூட்டு வந்தது. லண்டனில் அனுமதியின்றி எடுத்துச் செல்லப்பட்ட கார்களில் புதியவற்றின் பங்கு 1969இல் சுமார் 21 சதவீதம். 1973இல் சுமார் 5 சதவீதம். நல்ல செய்திதானே என்று தோன்றும். ஆனால் கள்வர் தொழிலை விட்டுவிடவில்லை. பூட்டில்லாத பழைய கார்களின் பக்கம் திரும்பினார்கள். வசதியுள்ளவரின் வாசலிலிருந்த ஆபத்து வசதியற்றவரின் வாசலுக்கு இடம் மாறியது.

மூன்றாவது கட்டம் இமொபிலைசர். திறப்புக்குள் இருக்கும் சிறிய சிப்பை வாகனத்தின் கணினி அடையாளம் காணாவிட்டால் இன்ஜின் இயங்காது. ஐரோப்பாவில் 1998இலிருந்து புதிய கார்களுக்கும், கனடாவில் 2007இலிருந்தும் இது கட்டாயமானது. ஐக்கிய அமெரிக்காவில் அப்படியொரு கட்டாயம் இல்லாததால், ஹூண்டாய், கியா கம்பனிகள் 2011 முதல் 2021 வரையான பல மொடல்களை அங்கே இமொபிலைசர் இல்லாமலே விற்றன. அவற்றைக் களவெடுக்கும் முறை சமூக ஊடகங்களில் வீடியோவாகப் பரவியது. 2023 பெப்ரவரியில் அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி, இந்தக் களவுகளோடு தொடர்புபட்ட விபத்துகளில் குறைந்தது 8 உயிர்கள் போயிருந்தன.

இந்த வரலாறு முழுவதிலும் ஒரே பாடம்தான். கள்வன் வரிசையில் நிற்பவற்றுள் ஆக இலேசானதைத் தேடுகிறான். நாம் நமது வாகனத்துக்கு அலாரம் பூட்டினால் நாம் தப்புவோம். பக்கத்தில் நிற்கும் மேசன் சகோதரர் மாட்டிக்கொள்வார். அன்று அவரைக் குறை சொன்ன நாம், பிரித்தானியா விட்ட பிழையைத்தான் விட்டோம்.

ஆகவே செய்யக்கூடியவை சில. பழுதான ஹேண்டில் லொக்கை இந்த வாரமே கராஜில் காட்டுவோம். முடியாதவருக்கு நாம் செய்து கொடுப்போம். சில்லையும் தூணையும் சேர்த்து ஒரு சங்கிலி போடுவோம். ஐந்து நிமிட வேலைதானே என்று திறப்பைத் தொங்கவிட்டுக் கடைக்குள் போகாதிருப்போம். ஸ்கூட்டர் கொக்கியில் ஹேண்ட்பேக், கார் சீட்டில் போன் என்று விட்டால் எந்தப் பூட்டும் உதவாது; கண்ணாடியை உடைக்கச் சில செக்கன்களே போதும். வாகனப் பதிவுப் புத்தகத்தை வீட்டில் வைப்போம். இன்ஜின் இலக்கத்தையும் செஸி இலக்கத்தையும் தனியே எழுதி வைத்தால் பொலிஸில் முறையிட இலகு. ஜும்ஆ, தறாவீஹ் நேரங்களில் இரண்டு பேர் முறை போட்டு வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். ஜேர்மனி சட்டத்தால் செய்ததை நாம் ஒற்றுமையால் செய்யலாம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிகளாரின் வழிகாட்டலை நாம் சிறு வயதிலேயே மத்ரஸாவில் படித்தோம். கட்டக் கயிறில்லாதவரின் ஒட்டகத்துக்கும் கயிறு கொடுப்பது நம் பொறுப்பல்லவா?

அந்தச் சகோதரர் இப்போது வேலைக்கு நடந்து போகிறார். அவருக்கு ஒரு சைக்கிள் ஏற்பாடு செய்ய வழியுண்டா என்று யோசிப்போம். அல்லாஹ் நம் எல்லோரது உடைமைகளையும் பாதுகாப்பானாக.