மன்றோவின் பள்ளிக் கணக்கும் மாவட்டப் பள்ளித் திட்டமும்

சென்னை மாகாணத்துப் பள்ளிகளை மாவட்டந்தோறும் சீர்ப்படுத்தும் முயற்சி கி. பி. 1854ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கையோடு தொடங்கிற்று என்பார் உளர். அதற்கு முப்பதாண்டுகட்கு முன்னரே ஆளுநர் தாமஸ் மன்றோ அதில் இறங்கினார். அம்முயற்சி எவ்விடத்தே தளர்ந்தது என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

1822 சூன் 25இல் மன்றோ எழுதிய குறிப்பின்வழி, பள்ளிகளும் மாணாக்கரும் எத்துணை என ஒவ்வொரு கலெக்டரும் வினவப்பெற்றார். விடைகளைத் தொகுத்து 1826 மார்ச்சு 10இல் மன்றோ வரைந்த அறிக்கையின்படி, 1,28,50,941 மக்களுக்குப் பள்ளிகள் 12,498, மாணாக்கர் 1,88,650. பள்ளிப் பருவத்துச் சிறுவருள் நான்கில் ஒரு பங்கினர்க்குச் சற்று மிகுதியானோரே பள்ளி சென்றனர். வீட்டிற் கற்போரையும் கூட்டின் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்பது அவர் மதிப்பு. சென்னை நகரில் மட்டும் வீட்டிற் கற்போர் 26,963 எனக் காட்டப்பெற்றது. அவ்வெண்ணை மன்றோவே ஐயுற்றார்.

எண்களினும் சிறந்தது பெல்லாரிக் கலெக்டர் காம்பெல் 1823 ஆகஸ்டில் விடுத்த மடல். அவர் மாவட்டத்தில் 533 பள்ளிகள், 6,641 மாணாக்கர். செய்யுள் நூல்களின் நடை பேச்சு வழக்கினின்றும் பெரிதும் வேறுபட்டமையின், சிறுவர் பொருளுணராது ஒப்புவித்தனர் என்கிறார் அவர். (நம் வகுப்பறைகளிலும் அவ்வொலியை யாம் கேட்டதுண்டு.) பள்ளிகள் நலிந்தமைக்கு அவர் கண்ட காரணம் வறுமை: மேனாட்டுத் துணி வரவால் நெசவு சாய்ந்தது, பழைய அரசர் அளித்துவந்த ஆதரவும் அற்றது. கும்பினியின் அலுவலர் ஒருவரே இதனை எழுதியது வியத்தற்குரியது.

மன்றோவும் நோயை அறிந்தவரே. மாணாக்கர்தோறும் நாலணா முதல் எட்டணா வரை பெற்ற ஆசிரியர்க்குத் திங்களுக்கு ஆறேழு உரூபாய்க்கு மேற் கிட்டவில்லை என்றும், அவ்வருவாய்க்குத் தகுதியுடையார் வாரார் என்றும் அவர் கருதினார். ஆயின் அவர் வகுத்த மருந்து வேறிடத்தே சென்றது. கலெக்டர் ஆட்சிப் பகுதி ஒவ்வொன்றிலும் இந்துக்களுக்கு ஒன்றும் முசுலிம்களுக்கு ஒன்றுமாக 40 பெரும்பள்ளிகள். தாசில் ஒவ்வொன்றிலும் ஒன்றாக ஏறத்தாழ 300 பள்ளிகள். முன்னவற்றின் ஆசிரியர்க்குத் திங்கள் ஊதியம் 15 உரூபாய், பின்னவற்றில் 9. கணக்கிட்டுப் பார்ப்பின், இருந்த பள்ளிகள் முப்பத்தேழுக்கு ஒரு புதுப் பள்ளியே அமையும். நன்மை மெல்ல ஊர்ப் பள்ளிகட்கும் பரவும் என அவர் நம்பியிருக்கலாம். பரவும் வழி எதுவும் திட்டத்தில் இல்லை என்பதே எம் கருத்து.

1827 சூலை 6இல் மன்றோ பத்திகொண்டாவில் வாந்திபேதியால் மாண்டார். 1830இல் இலண்டன் இயக்குநர் விடுத்த மடல் மேல்வகுப்பினரின் உயர்கல்வியையே முதன்மையாக்கிற்று. 1836இல் அப்பள்ளிகள் எடுபட்டன. கலெக்டர்கள் ஒருகால் எண்ணிச் சென்ற திண்ணைகளின் ஆசிரியர்க்கு அத்திட்டத்தால் ஓரணாவும் வந்ததில்லை.