கேம் விளையாடுற வாண்டு... கேம் செஞ்சா எப்படி இருக்கும்?

`அண்ணா, போனைக் குடு... ஒரே ஒரு கேம்!' என நச்சரிக்கும் தம்பி, தங்கச்சி உங்க வீட்டிலும் இருக்காங்களா? லீவு நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், அவங்களையே ஒரு கேம் செய்யவைக்கலாம். காசு கட்டி கிளாஸில் சேர்க்கணும்னு அவசியமில்லை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி மீடியா லேபில், மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007-ல் வெளியிட்ட `ஸ்க்ராட்ச்' முற்றிலும் இலவசம். 8 முதல் 16 வயதினரை மனதில் வைத்துச் செய்தது. கோடிங் டைப் பண்ண வேண்டாம். கலர் கலரான பிளாக்குகளை இழுத்து ஒட்டினால் போதும். இன்னும் சின்ன வாண்டு என்றால் `ஸ்க்ராட்ச் ஜூனியர்' ஆப் இருக்கு. போனின் குட்டி ஸ்க்ரீனில் ஸ்க்ராட்ச் செய்வது ரொம்பக் கஷ்டம், லேப்டாப்பே நல்லது. ஆஃப்லைன் வெர்ஷனும் உண்டு.

எடுத்த எடுப்பிலேயே `ஃப்ரீ ஃபயர் மாதிரி செய்யணும்' என்பார்கள். அது பெரிய டீம் சேர்ந்து செய்கிற வேலை. அதை ஆரம்பித்தால் அன்றைக்கே ஆர்வம் போய்விடும். மேலிருந்து விழும் ஆப்பிளைப் பூனை பிடிக்கிற கேமில் தொடங்குங்க. ஆரோ கீயை அழுத்தினால் பூனை இடம் வலமாக நகரணும். ஆப்பிளின் `ஒய்' அளவு ஒவ்வொரு முறையும் 5 குறையணும். ஸ்க்ரீனின் உச்சி 180, அடி மைனஸ் 180. மைனஸ் நம்பர் எதுக்குன்னு அப்போது தானாகப் புரியும்.

பூனை ஆப்பிளைத் தொட்டால் ஸ்கோர் 1 கூடணும். இங்கேதான் வேடிக்கை! ஒரே ஆப்பிளுக்கு ஸ்கோர் மளமளவென 10, 15 என ஏறும். ஸ்க்ராட்ச் நொடிக்குச் சுமார் 30 முறை `தொட்டாச்சா?' எனப் பார்க்கிறது. தொட்டிருக்கும் வரை கூட்டிக்கொண்டே போகும். தொட்டதும் ஆப்பிளை உச்சிக்கு அனுப்பினால் சரியாகிவிடும்.

விடை தெரிந்த உங்களுக்குக் கை பரபரக்கும். மவுஸைப் பிடுங்காதீங்க, ப்ளீஸ். `ஸ்கோர் ஏறுறப்போ ஆப்பிள் எங்கே இருக்கு?' என்று மட்டும் கேளுங்க. பத்து நிமிஷம் ஆகட்டுமே. நீங்க சரிசெய்து கொடுத்தால் அது உங்க கேம். அடுத்த நாள் அதைத் திறக்கக்கூட மாட்டார்கள்.

கேமை ஆன்லைனில் ஷேர் பண்ணினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நிஜப் பெயர், ஸ்கூல் பெயர், போட்டோ எதுவும் அதில் வேண்டாம்.