வாரன் மூன்: தேர்வாளர்கள் மறுத்த இடம்

2006ஆம் ஆண்டு, ஓஹையோ மாநிலத்தின் கான்டன் நகரிலுள்ள தொழில்முறைக் கால்பந்துப் புகழ்க்கூடத்தில் வாரன் மூன் சேர்க்கப்பட்டார். நவீன காலத்தில் அப்பெருமையைப் பெற்ற முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் அவர். அதற்கு 28 ஆண்டுகளுக்கு முன், 1978இல், என்.எஃப்.எல். என்னும் அதே அமெரிக்க லீக்கின் வீரர் தேர்வு 12 சுற்றுகளாக நடைபெற்றது. முந்நூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மூனின் பெயர் எந்தச் சுற்றிலும் அழைக்கப்படவில்லை.

இங்கே பேசப்படுவது நாம் ஆடும் கால்பந்து அன்று; நீள்வட்டப் பந்தைக் கையால் எறிந்தும் சுமந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. அதில் குவார்ட்டர்பேக்கே அணியின் மூளையாகக் கருதப்படுபவர். ஒவ்வொரு நகர்விலும் பந்து முதலில் பெரும்பாலும் அவர் கைக்கே வரும். எதிரணியின் நிற்பைக் கணித்து, யாருக்கு எறிவது என்பதைச் சில நொடிகளுக்குள் அவர் முடிவு செய்ய வேண்டும். மற்றவர்கள் ஓடுவர், தடுப்பர், மோதுவர், கட்டளை அவருடையது. இந்த ஒரு செய்தியை மனத்தில் கொண்டால் பின்வருவன விளங்கும்.

1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல்.லில் ஒரு கறுப்பின வீரரும் இல்லை. எழுதப்பட்ட தடை எதுவும் இன்றியே அது நடைமுறையாக இருந்தது. 1946இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி கென்னி வாஷிங்டன், உட்டி ஸ்ட்ரோட் ஆகியோரைச் சேர்த்தபோது கதவு திறந்தது. ஆனால் உள்ளே சென்றவர்களுக்கு எந்த இருக்கை என்பது வேறு கேள்வி. ஓட்டமும் வேகமும் வேண்டிய இடங்கள் கறுப்பினத்தவருக்கு; சிந்தனையும் தலைமையும் வேண்டிய நடு இடங்கள் வெள்ளையருக்கு. சமூகவியலாளர்கள் இப்பாகுபாட்டிற்கு ‘ஸ்டாக்கிங்’ என்று பெயரிட்டனர். லோய், மெக்எல்வோக் இருவரும் 1970இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணிக்கைகளோடு எடுத்துக்காட்டியது.

மார்லின் பிரிஸ்கோ 1968இல் டென்வர் பிரான்கோஸ் அணியில் குவார்ட்டர்பேக்காக ஆடி, முதல் பருவத்திலேயே 14 டச்டவுன் எறிதல்களை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டு அவ்விடம் அவருக்கு இல்லை. பஃபலோ அணிக்குச் சென்று பந்தைப் பிடிப்பவராக மாறினார். அதிலும் சிறந்து விளங்கினார். ஒதுக்கப்பட்ட இடத்தில் ஒருவர் வெற்றி பெற்றால், ஒதுக்கியது சரி என்பதற்கே அது சான்றாகிவிடுகிறது. இந்தப் பொறியை வாசகர்கள் கவனிக்க வேண்டும் என விரும்புகிறோம்.

மூன் அந்தப் பொறிக்குள் நுழைய மறுத்தவர். லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர், ஏழு வயதில் தந்தையை இழந்தவர், தாயார் செவிலியர். பள்ளி முடித்தபோது, அவருடைய எறிதிறனைக் கண்ட பின்னரும் பல கல்லூரிகள் வேறு இடத்தில் ஆடச் சொல்லின. தம் இடத்தை விட மனமில்லாமல் ஓராண்டு ஓர் உள்ளூர் சமுதாயக் கல்லூரியில் ஆடினார். பிறகு வாஷிங்டன் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே சொந்த ஊர் ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு இகழ்ந்தனர். 1978 ஜனவரியில் நடந்த ரோஸ் பவுல் ஆட்டத்தில் மிச்சிகனை 27–20 என வென்று, ஆட்டத்தின் சிறந்த வீரர் விருதையும் அவர் பெற்றார்.

அதன் பின்னும் தேர்வாளர்களின் மதிப்பீடு மாறவில்லை. கடைசிச் சுற்றுகளில் எடுக்கலாம், அல்லது வேறு இடத்திற்கு மாறலாம் என்பதே அவருக்குக் கிட்டிய செய்தி. தேர்வு நாளுக்குக் காத்திராமல் கனடாவின் எட்மன்டன் அணியில் ஒப்பந்தம் செய்துகொண்டார். அதே 1978இல் டக் வில்லியம்ஸ் என்னும் கறுப்பின குவார்ட்டர்பேக் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தடை முழுமையானதாக இல்லை. ஆனால் வில்லியம்ஸ் தம் அணியை முன்னேற்றிய பின்னரும், பிற அணிகளின் மாற்று குவார்ட்டர்பேக்குகள் பலரைவிடக் குறைவான ஊதியமே பெற்றார்.

எட்மன்டனில் மூன் ஆடிய முதல் ஐந்து ஆண்டுகளும், 1978 முதல் 1982 வரை, அவ்வணியே கிரே கோப்பையை வென்றது. 1982இல் ஒரே பருவத்தில் 5,000 கெஜம் எறிந்தார். மறு ஆண்டு 5,648. (கனடா சமத்துவ பூமி என்று எண்ணிவிட வேண்டாம். இன்யூட் பழங்குடியினரை இழிவுபடுத்துவதாகக் கண்டிக்கப்பட்ட தன் பெயரை அதே அணி 2020இல்தான் கைவிட்டது.) 1984இல் நிலைமை தலைகீழானது. மறுத்த லீக்கின் அணிகளே அவருக்காகப் போட்டியிட்டன. ஹூஸ்டன் ஆயிலர்ஸ் வென்றது. அங்கே முதல் பருவத்தில் 16 ஆட்டங்களில் 13 தோல்விகள். 1990இலோ 4,689 கெஜமும் 33 டச்டவுன்களும். 17 பருவங்கள் ஆடி, 49,325 கெஜங்களோடு 44ஆம் வயதில் விடைபெற்றார். சூப்பர் பவுல் மட்டும் வாய்க்கவில்லை.

இதை விடாமுயற்சியின் கதையாகச் சொல்வது எளிது. அவ்வாறு சொன்னால் தேர்வாளர்கள் தப்பிவிடுவர். அவர்கள் ஓர் இளைஞரின் கைவலிமையைத் தவறாக அளந்தவர்கள் அல்லர். அளவுகோலையே நிறத்தால் செய்தவர்கள். நம் வரலாற்றிலும் இதற்கு இணையுண்டு. பல்வங்கர் பாலூ 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகள் வீழ்த்தியவர். தீண்டாமைக்கு ஆளான சமூகத்தில் பிறந்த அவர் இந்து ஜிம்கானா அணிக்காகப் பந்து வீசலாம். தலைமை தாங்க இயலாது. 1923இல் அவர் தம்பி விட்டல்தான் அத்தலைமையைப் பெற்றார். வேலைவாய்ப்பு வழக்குகளில் ‘தகுதி’, ‘நிர்வாகத் திறன்’ என்னும் சொற்களைக் கேட்கும்போதெல்லாம், அவற்றை யார், எந்த இடத்திற்காக அளந்தனர் என்று நாம் வினவுவது இதனால்தான்.

அளவுகோல் மைதானத்தோடும் நிற்கவில்லை. தலையில் பட்ட அடிகளால் மூளை பாதிக்கப்பட்ட முன்னாள் வீரர்களுக்கு இழப்பீடு வழங்க என்.எஃப்.எல். ஓர் உடன்பாட்டிற்கு வந்தது. 2015இல் நீதிமன்றம் அதை ஏற்றது. நினைவுத்திறன் இழப்பைக் கணிக்கும் சோதனைகளில், கறுப்பின வீரரின் தொடக்க அறிவுத்திறன் வெள்ளையருடையதைவிடக் குறைவானது என்று கொள்ளும் திருத்தம் பயன்பட்டது. விளைவாக, இருவர் ஒரே மதிப்பெண் பெற்றாலும் வெள்ளையருக்கு இழப்பீடு கிட்டும். கறுப்பினத்தவருக்குக் கிட்டாமல் போகும். கெவின் ஹென்றி, நஜே டேவன்போர்ட் என்னும் முன்னாள் வீரர்கள் இருவர் 2020இல் வழக்குத் தொடர்ந்தனர். 2021 மார்ச்சில் வழக்கைத் தள்ளுபடி செய்த நீதிபதி, இந்தச் சிக்கலை மட்டும் மத்தியஸ்தத்திற்கு அனுப்பினார். அவ்வாண்டு ஜூனில் அம்முறையைக் கைவிடுவதாக லீக் அறிவித்தது. 2022 மார்ச்சில் திருத்தப்பட்ட உடன்பாடு ஏற்கப்பட்டு, பழைய அளவுகோலால் மறுக்கப்பட்டவர்களின் மதிப்பெண்களை மீண்டும் கணக்கிட வழி பிறந்தது.