மிசிசிப்பி மகளிர் பல்கலைக்கழகம் எதிர் ஹோகன்

மிசிசிப்பி மகளிர் பல்கலைக்கழகம் எதிர் ஹோகன் என்பது, செவிலியர் கல்வியில் பாலினப் பாகுபாடு குறித்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982 சூலை 1 அன்று தீர்ப்பளித்த வழக்கு ஆகும்.

1884இல் நிறுவப்பட்ட இப்பல்கலைக்கழகம் 1971இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கியது. அது அமைந்திருந்த கொலம்பஸ் நகரிலேயே செவிலியர் மேற்பார்வையாளராகப் பணியாற்றிய ஜோ ஹோகன், 1979இல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தார். ஆண் என்பதால் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்கலாம், ஆனால் பட்டம் கிடையாது என்று கூறப்பட்டது.

பெண்கள் முன்பு அடைந்த பாதிப்புக்கு ஈடாகவே இவ்விதி என மாநில அரசு வாதிட்டது. 1970இல் அம்மாநிலத்தில் செவிலியர் இளநிலைப் பட்டம் பெற்றோரில் 94 விழுக்காட்டினர் பெண்களே என்பதால், நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. வகுப்பில் ஆண்கள் இருப்பதால் கற்பிக்கும் முறை மாறுவதில்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மைத் தீர்ப்பை, அந்நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான சான்ட்ரா டே ஓகானர் எழுதினார். செவிலியப் பணி பெண்களுக்கே உரியது என்ற பழைய எண்ணத்தை இவ்விதி நிலைநிறுத்துகிறது என்றார் அவர். ஆண்களை விலக்குவது செவிலியர் ஊதியத்தைத் தாழ்த்துமானால், அதனால் இழப்பு அடைவோர் பெண்களே என்றும் குறிப்பிட்டார்.