காற்றை அளந்த இருவர்

பாலில் தண்ணீர் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பதுபோலக் காற்றுக்கும் தரம் பார்க்கும் வழக்கம் ஒன்று, 18ஆம் நூற்றாண்டின் கடைசி 30 ஆண்டுகளில் ஐரோப்பாவில் பெரிதும் பரவியிருந்தது. அக்காலத்து முறையில் நடந்த அந்த வழக்கம் இன்று அடியோடு மறைந்துபோயிற்று. அது மறைவதற்குக் காரணமாயிருந்தவர்கள், முதலில் ஒருவர்மேல் ஒருவர் மனக்கசப்புக் கொண்டிருந்து பிற்பாடு ஆயுள் முழுவதும் இணைபிரியாத ஸ்நேகிதர்களாகிவிட்ட இரண்டு சாஸ்திரக்ஞர்கள். அவர்களுடைய விருத்தாந்தத்தைச் சொல்வதற்கு முன், அந்த வழக்கத்தின் பூர்வோத்தரத்தைச் சற்றே சொல்லவேண்டும்.

மூடிய பாத்திரத்தில் உள்ள காற்று சுவாசிக்கத் தகுந்ததுதானா என்று அறிய, அக்காலத்துச் சோதனைக்காரர்கள் அதற்குள் ஓர் எலியை விட்டு, அது எவ்வளவு நேரம் உயிரோடிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். எலியின் பிராணனைக் காப்பாற்றியவர் இங்கிலாந்துப் பாதிரியாராகிய ஜோசப் ப்ரீஸ்ட்லி. நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் நிறமற்ற வாயுவைக் காற்றோடு கலந்தால் செம்புகை எழுகிறது என்பதையும், அப்புகை நீரில் கரைந்துவிடுவதால் குழாயிலுள்ள காற்றின் கனஅளவு சுருங்குகிறது என்பதையும், நல்ல காற்றானால் அதிகமாகவும் கெட்ட காற்றானால் குறைவாகவும் சுருங்குகிறது என்பதையும் அவர் 1772இல் வெளியிட்டார். மூன்று வருஷங்களுக்குப்பின் இத்தாலியரான லாந்திரியானி இந்தத் தத்துவத்தின்மேல் ஒரு கருவியை அமைத்து, ‘காற்றின் நன்மையை அளப்பது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கூட்டி, யூடியோமீட்டர் என்று அதற்குப் பெயர் சூட்டினார். அதன்பின், சதுப்பு நிலமோ மருத்துவசாலையோ நாடகக் கொட்டகையோ மலையுச்சியோ, எங்கே போனாலும் கண்ணாடிக் குழாயும் கையுமாகப் போய்க் காற்றுக்கு மதிப்பெண் போடுவது படித்தவர்களுக்கு ஒரு கடமையாகவே ஆகிவிட்டது. கொசுவின்மேல் பெரும்பாலோருக்குச் சந்தேகம் எழாத காலம் அது. மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லுக்கே ‘கெட்ட காற்று’ என்றுதான் அர்த்தம். எந்த ஊரில் குடியிருக்கலாம், எந்த ஊரிலிருந்து ஓடிப்போகவேண்டும் என்பதைக் கருவியே சொல்லிவிடும் என்று வைத்தியர்கள் நம்பியதில் வியப்பில்லை.

ஆனால் கருவி சொன்னதோ ஆளுக்கொன்று. குழாய் அகலமா குறுகலா, எந்த வாயுவை முதலில் விட்டார்கள், எவ்வளவு குலுக்கினார்கள் என்பவற்றைப் பொறுத்துச் சுருக்கம் மாறியது. கையின் தவற்றைக் காற்றின் தோஷமென்று எழுதிவைத்தார்கள். லண்டனில் ஹென்றி காவண்டிஷ் என்ற மௌனி மட்டும் 60 நாட்கள் விடாமல் காற்றைச் சோதித்து, நகரத்துக் காற்றுக்கும் புறநகர்க் காற்றுக்கும் பேதமே இல்லை என்று 1783இல் அறிவித்தார். கூட்டத்தில் மெல்லப் பேசுகிறவனுக்கு நேருகிற கதிதான் அவருக்கும் நேர்ந்தது.

இந்தக் காற்றளப்பில் மிகுந்த ஈடுபாடு கொண்டிருந்தவர் அலெக்ஸாண்டர் ஃபான் ஹம்போல்ட். 1769இல் பெர்லினில் பிரபு குடும்பத்தில் பிறந்த இவர், இளமையில் பிரஷ்ய அரசின் சுரங்க அதிகாரியாக இருந்தவர். சுரங்கத்தின் நச்சுக் காற்றில் அணையாத விளக்கொன்றைத் தாமே ஆக்கி, அதைப் பரீட்சிக்கத் தாமே உள்ளே இறங்கி, மூர்ச்சையாகிக் கிடந்து, பிறரால் வெளியே இழுத்துக் காப்பாற்றப்பட்டவர். ஆதலால் காற்று அவருக்கு வெறும் புஸ்தக விஷயமன்று. நைட்ரிக் ஆக்ஸைடு முறையால் தாம் செய்த அளவைகளை அவர் நூலாக வெளியிட்டுவிட்டு, 1799 ஜூன் மாதத்தில் போன்ப்ளான் என்ற தாவர சாஸ்திரியோடு ஸ்பெயினிலிருந்து கப்பலேறி, தென்னமெரிக்காவின் காடுகளையும் மலைகளையும் நோக்கிப் போய்விட்டார்.

அவர் கடல்கடந்து போயிருந்த காலத்தில் பாரிஸ் நகரத்து ரசாயன உலகில் ஓர் இளைஞர் தலையெடுத்தார். ஜோசப் லூயி கே-லுசாக் என்பது அவர் பெயர். நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாயு விதிகளை உருப்போடும்போது உச்சரிக்கத் திண்டாடுவது இந்தப் பெயரைத்தான். 1778இல் லிமூசேன் பிரதேசத்தில் ஒரு வக்கீலின் மகனாகப் பிறந்து, பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர காலத்தில் தகப்பனார் சிறைவாசம் செய்ததைக் கண்டு வளர்ந்த இவர், பேசுவதில் கஞ்சர், அளப்பதில் கர்ணர். ரசாயன சிரேஷ்டரான பெர்தொலே இவரை உதவியாளராக அமர்த்திக்கொண்டு ஒரு பிரயோகத்தைச் செய்யச் சொன்னபோது, ஆசானுடைய சித்தாந்தத்துக்கு நேர்விரோதமான முடிவை அஞ்சாமல் கொண்டுவந்து வைத்தாராம். கோபிப்பதற்குப் பதிலாக, கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்தவன் நீ என்று பெர்தொலே மெச்சினார் என்பார்கள். இத்தகைய கண்ணுக்கு ஹம்போல்ட்டின் காற்றளவைகள் தப்புமா? அவற்றில் உள்ள பிழைகளை எடுத்துக்காட்டி, இளமைக்குரிய வேகத்தோடு, மரியாதையின் எல்லையைச் சற்றுத் தாண்டியே ஒரு கண்டனம் எழுதிவிட்டார்.

1804 ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் ஹம்போல்ட் பிரான்சுக்குத் திரும்பி வந்தபோது அவருடைய கீர்த்தி அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. 1802 ஜூன் 23ஆம் தேதி தென்னமெரிக்காவின் சிம்போராசோ மலையில் ஏறக்குறைய 5,900 மீட்டர் உயரம் வரை ஏறி, ஈறுகளில் ரத்தம் கசிய, மூச்சுத் திணறத் திரும்பியவர் அவர். அவ்வளவு உயரத்துக்கு ஏறியதாக வேறெவருடைய பெயரும் அப்போது ஏட்டில் இல்லை. அந்தப் பெருமைக்கும் கே-லுசாக்கே எமனாக வந்தார் என்பதை விதியின் குறும்பென்றுதான் சொல்லவேண்டும். பியோ என்னும் பௌதிக சாஸ்திரியோடு ஆகஸ்டு 24ஆம் தேதி ஒருமுறை ஆகாய பலூனில் பறந்து பழகிக்கொண்டு, செப்டம்பர் 16ஆம் தேதி—ஹம்போல்ட்டுக்கு 35 வயது நிறைந்த இரண்டாம் நாள்—தன்னந்தனியாகப் புறப்பட்டு 7,016 மீட்டர் உயரம் போய்விட்டார். பாரிஸில் சுமார் 28 டிகிரியாக இருந்த உஷ்ணம் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பதரை டிகிரிக்கு இறங்கியிருந்தது, கை விறைத்தது, நாடி துடித்தது, தொண்டை வறண்டு ரொட்டித்துண்டை விழுங்க முடியவில்லை. அந்த நிலையிலும் 6,500 மீட்டருக்கு மேலே கண்ணாடிக் குடுவைகளைத் திறந்து, அங்கிருந்த காற்றைப் பிடித்து அடைத்துக்கொண்டு வந்தார். இன்னும் மேலே போகவேண்டுமென்று பாரத்தைக் குறைப்பதற்காக அவர் வீசியெறிந்த மர நாற்காலி ஒன்று, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் அருகே புதரில் வந்து விழுந்தது. வானம் நிர்மலமாயிருந்ததால் அது சொர்க்கத்திலிருந்துதான் விழுந்திருக்கவேண்டும் என்று ஊரார் தீர்மானித்தார்களாம். ஆனால் சொர்க்கத்துத் தச்சர்கள் இவ்வளவு முரட்டு வேலை செய்வார்களா என்பதுதான் அவர்களுக்கு விளங்கவில்லை. இதைச் சொல்லிவைத்தவர் இருவருக்கும் ஸ்நேகிதரான அராகோ.

பாரிஸுக்குக் கொண்டுவந்த அந்த மேலுலகக் காற்றைப் பகுத்துப் பார்த்தபோது, தெருக்காற்றில் எவ்வளவு பிராணவாயு இருந்ததோ அவ்வளவே அதிலும் இருந்தது. காற்றின் தரம் மாறுவதாகக் காட்டிய ஹம்போல்ட்டின் அளவைகளுக்கு இதைவிடப் பலமான மறுப்பு வேறென்ன வேண்டும்?

இவ்விருவரும் முதன்முதலில் சந்தித்தது பாரிஸுக்கருகே ஆர்க்கேய் கிராமத்தில் பெர்தொலேயின் வீட்டில். உயரமாய், அடக்கமாய், ஆனால் உறுதியான முகத்தோடு நின்ற ஓர் இளைஞரைப் பார்த்து இவர் யார் என்று ஹம்போல்ட் கேட்டார். கே-லுசாக் என்று சொன்னார்கள். தம்மைக் கண்டித்தெழுதியவர் என்பது ஹம்போல்ட்டுக்கு உடனே நினைவு வந்தது. முகம் ஒரு கணம் சுருங்கியிருக்கவேண்டும். ஐந்து வருஷம் உயிரைப் பணயம் வைத்துத் திரிந்து, உலகமே கொண்டாடும் நிலையில் நிற்கும் பிரபு, தம்மைவிட ஒன்பது வயது இளையவரான ஓர் உதவியாளரிடம் பாராமுகமாக இருந்திருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவரோ நேரே போய்க் கையை நீட்டி ஸ்நேகத்தைக் கேட்டார். சிம்போராசோவில் ஏறியதைக் காட்டிலும் அந்த அறையைக் குறுக்கே கடந்ததுதான் ஹம்போல்ட்டின் பெரிய யாத்திரை என்பது என் அபிப்பிராயம்.

அதன்பின் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். தாம் நம்பியிருந்த நைட்ரிக் ஆக்ஸைடு முறையை ஹம்போல்ட் கைவிட்டார். வோல்டா என்ற இத்தாலியர் கண்டுபிடித்த வேறொரு முறையை எடுத்துக்கொண்டார்கள். காற்றோடு ஜலவாயுவை, அதாவது ஹைட்ரஜனை, கலந்து தடித்த கண்ணாடிக் குழாயில் அடைத்து, மின்பொறி ஒன்றைப் பாய்ச்சினால், பட்டென்று வெடித்து, பிராணவாயு முழுவதும் நீராகிவிடும். சுருங்கிய அளவில் மூன்றிலொரு பங்கு பிராணவாயு. திரும்பத் திரும்ப வெடித்துப் பார்த்து, காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கு என்றும், இடத்துக்கு இடம் அது மாறுவதில்லை என்றும், 1805 ஜனவரி 21ஆம் தேதி பாரிஸ் சாஸ்திரக் கழகத்தில் இருவர் பெயராலும் வாசித்தார்கள். காற்றுக்கு மதிப்பெண் போடும் வழக்கம் அன்றே மூச்சை விட்டது. மற்றொன்றும் அந்தக் குழாயில் அகப்பட்டது: 100 பங்கு பிராணவாயுவோடு சேருவது சரியாக 200 பங்கு ஜலவாயு. இந்த எண்ணின் எளிமையை முதலில் உணர்ந்தவர் கே-லுசாக் தான் என்று ஹம்போல்ட் பிற்காலத்தில் பெருந்தன்மையோடு சொல்லிவந்தார். 1808ஆம் வருஷத்தின் கடைசி நாளில் கே-லுசாக் வெளியிட்ட வாயுச் சேர்க்கை விதிக்கு இதுவே வித்து.

1805 மார்ச்சு 12ஆம் தேதி இருவரும் பாரிஸிலிருந்து இத்தாலிக்குப் புறப்பட்டார்கள். ஆல்ப்ஸ் மலையின் மோன்செனி கணவாயில் நின்றும் காற்றை அளந்தார்கள். ரோமாபுரியில் பிரஷ்ய ராஜப்பிரதிநிதியாக இருந்த ஹம்போல்ட்டின் தமையனார் வில்ஹெல்ம் வீட்டில் தங்கினார்கள். அங்கே லெயோபோல்ட் ஃபான் புக் என்னும் நிலவியலார் வந்து சேர்ந்துகொண்டார். அவரும் ஹம்போல்ட்டும் ஃப்ரைபர்க் சுரங்கக் கல்லூரியில் வெர்னரின் மாணாக்கர்கள். பூமியின் பாறைகளெல்லாம் ஆதிசமுத்திரத்தில் படிந்தவை என்றும், எரிமலை என்பது நிலக்கரி தீப்பற்றிய ஓர் அற்ப விபத்து என்றும் போதித்தவர் வெர்னர். அவருடைய சீடர்களின் கண்ணெதிரே பதில் சொல்ல, நேப்பிள்ஸ் அருகே வெசூவியஸ் எரிமலை காத்திருந்தது.

மூவரும் நேப்பிள்ஸுக்குப் போய்ச் சேர்ந்தபின், ஜூலை 26ஆம் தேதி அந்த ராஜ்யம் பூகம்பத்தால் நடுங்கிற்று. மோலிசே மலைநாட்டில் ஆயிரக்கணக்கானோர் இடிபாடுகளில் மடிந்தார்கள். ஆகஸ்டு 12ஆம் தேதி வெசூவியஸ் வெடித்தது. பிரஷ்யர் இருவரும் பிரெஞ்சுக்காரர் ஒருவருமாக அந்த எரிமலையில் ஏறியது ஒருமுறையன்று, பலமுறை. சாம்பல் மாரியாய்ப் பொழிய, காலடியில் கசடு சரிய, கந்தகப் புகை தொண்டையைப் பிடிக்க, தீக்குழம்பு கடற்கரை ஊர்களை நோக்கி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, அந்தப் புகையையும் குடுவையில் பிடிக்க முயன்ற இருவரையும் நினைத்துப் பார்க்கிறேன்: ஒருவர் சுரங்கக் காற்றில் ஒருமுறை செத்துப் பிழைத்தவர்; மற்றொருவர் ஆகாயத்தில் மூச்சுக்குத் தவித்தவர். எரிமலையின் வாயிலில் நின்றதால்தான் பகைவர் நண்பரானார்கள் என்று எழுதினால் கதைக்கு அழகாயிருக்கும். ஆனால் பகை அதற்கு முன்பே கரைந்துபோயிருந்தது. எரிமலை செய்தது வேறு: வாதத்தில் இணங்கியவர்களை, ஒருவர் கையை ஒருவர் நம்பி அடிவைக்கும் சகாக்களாக்கிற்று. வெர்னரின் சித்தாந்தமோ அந்தச் சரிவில் மேலும் தளர்ந்தது.

அபாயத்தில் விளையாட்டும் உண்டு. நேப்பிள்ஸ் கடலில் மின்சாரத் திருக்கை மீன் கிடைக்கும். தென்னமெரிக்காவில் மின்விலாங்கிடம் அடிவாங்கியிருந்த ஹம்போல்ட், இந்த மீனைக் கே-லுசாக்கின் கையிலும் கொடுத்து, இருவருமாக மாறி மாறி அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு, அது எப்போது அடிக்கிறது, எப்போது அடிப்பதில்லை என்று ஒரு கட்டுரையே எழுதிவிட்டார்கள்.

அக்டோபரில், மழையும் பனியும் மூடிய ஆல்ப்ஸின் கோத்தார்டு கணவாயைக் கடந்து ஜெர்மனிக்குள் நுழைந்து, அந்தப் பனிக்காலத்தைப் பெர்லினில் கழித்தார்கள். அதே டிசம்பரில் ஆஸ்டர்லிட்ஸில் நெப்போலியன் வென்றார். மறு அக்டோபரில் ஜேனாவில் பிரஷ்யப் படை சிதறி, பிரெஞ்சுச் சேனை பெர்லினுக்குள்ளேயே வந்துவிட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் கே-லுசாக் பாரிஸுக்குத் திரும்பியிருந்தார். தேசங்கள் பகையாகிவிட்டபோதும் இவர்கள் ஆகவில்லை. ஹம்போல்ட் மறுபடியும் பாரிஸுக்கு வந்தபோது, பாலிடெக்னிக் கல்லூரியில் கே-லுசாக்கின் ஜாகையில்தான் பங்கு கேட்டுக் குடியேறினார்.

அந்நாட்களைப்பற்றிக் கர்ணபரம்பரையாக ஒரு கதை உண்டு. இவர்களுடைய பிரயோகங்களுக்கு மெல்லிய கண்ணாடிக் குழாய்கள் ஜெர்மனியிலிருந்து வரவேண்டியிருந்ததாம். கண்ணாடிக்குப் பிரெஞ்சுச் சுங்கத்தார் விதித்த தீர்வையோ தாளமுடியாதது. ஹம்போல்ட் யோசித்து, குழாய்களின் வாயை உருக்கி அடைத்து, ‘ஜெர்மானியக் காற்று: பத்திரமாகக் கையாளவும்’ என்று சீட்டு ஒட்டி அனுப்பச் செய்தார். சுங்கச் சாவடி அதிகாரி தம் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்தார். காற்றுக்குத் தீர்வை எங்கும் காணவில்லை. பெட்டிகளைப் போகவிட்டார். கே-லுசாக் அவற்றின் வாயை உடைத்து, ஜெர்மானியக் காற்றைப் பாரிஸ் காற்றோடு கலக்கவிட்டு, வேலையைத் தொடங்கினார்.