திண்ணைப் பள்ளியில் கணக்குப் பாடம்: எந்தப் படியில் எது கற்பிக்கப்பட்டது?

ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையிலோ, கோயில் மண்டபத்திலோ, மரத்தடியிலோ ஓர் ஆசிரியர் பிள்ளைகளைக் கூட்டி வைத்து நடத்திய பள்ளியே திண்ணைப் பள்ளி. தமிழகத்தில் 19ஆம் நூற்றாண்டிலும், சில ஊர்களில் அதற்குப் பின்னரும் இத்தகைய பள்ளிகள் இருந்தன. எழுத்து, வாசிப்பு, நீதி நூல்கள், கணக்கு ஆகியவை அங்கே கற்பிக்கப்பட்டன. இவற்றுள் கணக்குப் பாடம் எந்த வரிசையில் சென்றது, அந்த வரிசைக்குக் காரணம் என்ன, அந்தக் கல்வி யாருக்குக் கிடைத்தது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பள்ளியின் அமைப்பு

திண்ணைப் பள்ளியில் இன்று இருப்பது போன்ற வகுப்புகள் கிடையாது. ஐந்து வயதளவில் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அதன் பிறகு வயதைக் கொண்டு யாரையும் பிரிப்பதில்லை. ஒரு பிள்ளை எந்தச் சுவடியைப் படித்துக்கொண்டிருக்கிறது என்பதே அதன் நிலை. ஒரு சுவடியைத் தடங்கலின்றிச் சொல்லிவிட்டால் அடுத்த சுவடிக்குப் போகலாம். பத்து வயதுப் பையன் முதற் சுவடியிலும், எட்டு வயதுப் பையன் அதற்கு மேற்பட்ட சுவடியிலும் இருப்பதில் வியப்பில்லை.

முதலில் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுத வேண்டும். எழுதும்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கை பழகிய பின்னர் பனையோலையும் எழுத்தாணியும் வரும். மூத்த மாணவர்களில் ஒருவர் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்கு முறை சொல்லிக் கொடுப்பார். அவர் ஒரு வரியைச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள்.

ஒரு மாணவர் இன்னொரு மாணவருக்குக் கற்பிக்கும் இந்த முறை ஆங்கிலேயர் கவனத்தையும் ஈர்த்தது. சென்னை எழும்பூரில் 1789 முதல் ஆண் அனாதைகள் விடுதிப் பள்ளியின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவர்களையே ஆசிரியர்களாக்கிய தம் அனுபவத்தை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்தில் இம்முறை 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது.

முதற்படி: பொன்னிலக்கம்

கணக்கில் முதற்படி பொன்னிலக்கம். இது எண்களின் பெயரையும் வரிசையையும் கூட்டலையும் ஒருசேரக் கற்பிப்பது. இன்றைய பாடநூலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடங்கி, முழு எண்களெல்லாம் பழகிய பின்னரே பின்னத்துக்கு வருகிறோம். பொன்னிலக்கமோ முந்திரி என்னும் மிகச் சிறிய பின்னத்திலிருந்தே மேலே ஏறியது.

முந்திரி என்பது 1/320. இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி (1/160). இரண்டு அரைக்காணி ஒரு காணி (1/80). இரண்டு காணி ஓர் அரைமா (1/40). இரண்டு அரைமா ஒரு மா (1/20). மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி (1/16). இதற்கு வீசம் என்றும் பெயர். இரண்டு வீசம் அரைக்கால் (1/8). பிறகு கால், அரை, முக்கால், ஒன்று என்று ஏறி, பத்து, நூறு, ஆயிரம் என மேலே செல்லும். ஒன்றுக்குக் கீழ்ப்பட்டவை கீழ்வாயிலக்கம். ஒன்றும் அதற்கு மேற்பட்டவையும் மேல்வாயிலக்கம்.

320 என்ற எண்ணை ஏன் அடிப்படையாகக் கொண்டார்கள் என்று மாணவர்கள் கேட்கலாம். இந்த எண்ணைத் தொடர்ந்து ஆறு முறை பாதியாக்கலாம். 20 ஆகவும் வகுக்கலாம். எல்லாப் பின்னங்களையும் முந்திரிக் கணக்கில் எழுதிப் பார்த்தால் இது விளங்கும்: காணி 4, மா 16, வீசம் 20, அரைக்கால் 40, கால் 80, அரை 160, முக்கால் 240. ஒன்றிலும் மீதி விழவில்லை. பகுதி எண், தொகுதி எண், மீச்சிறு பொது மடங்கு என்ற சொற்கள் இல்லாமலேயே பிள்ளைகள் பின்னங்களைக் கூட்டப் பழகியது இப்படித்தான்.

இரண்டாம் படி: நெல்லிலக்கம்

அடுத்தது நெல்லை அளக்கும் கணக்கு. 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி. இதுவே மரக்கால். 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். அதாவது ஒரு கலம் 12 மரக்கால் அல்லது 96 நாழி. ஊருக்கு ஊர் மரக்காலின் அளவு மாறுவதுண்டு. வாய்பாடு மட்டும் ஏறக்குறைய இதுதான்.

இந்தப் பெயர்கள் பிள்ளைக்குப் புதியவை அல்ல. வீட்டில் ஆழாக்கும் உழக்கும் நாழியும் புழக்கத்தில் இருந்தன. வீட்டில் கண்ணால் கண்டதற்கும், களத்துமேட்டில் அளப்பதற்கும் இடையே உள்ள தொடர்பைப் பள்ளி கற்பித்தது. கூலியும் வாரமும் கோயில் பங்கும் நெல்லாகவே அளக்கப்பட்ட காலம் அது. ஆகவே இது பிழைப்புக்கான பாடம்.

மூன்றாம் படி: எண்சுவடி

எண்சுவடி பெருக்கல் வாய்பாடுகளின் தொகுப்பு. முழு எண்ணை முழு எண்ணால் பெருக்கும் வாய்பாட்டோடு இது நிற்பதில்லை. கால் வாய்பாடு, அரை வாய்பாடு, முக்கால் வாய்பாடு, வீச வாய்பாடு, மா வாய்பாடு எனப் பின்னங்களுக்கும் தனித்தனி வாய்பாடுகள் உண்டு. "ஏழு முக்கால் எவ்வளவு?" என்று கேட்டால் "ஐந்தே கால்" என்று உடனே விடை வர வேண்டும்.

ஒரு வாய்பாட்டில் உள்ள விடைகளின் கூட்டுத்தொகையையும் மனத்தில் வைக்கும் வழக்கம் இருந்தது. எடுத்துக்காட்டாக, ஏழாம் வாய்பாட்டில் ஒன்று முதல் பத்து வரை உள்ள விடைகளைக் கூட்டினால் 385 வரும். எழுதிய ஓலையில் எங்கேனும் பிழை இருந்தால் கூட்டுத்தொகை காட்டிக்கொடுத்துவிடும். இன்று கணக்கர்கள் இறுதியில் கூட்டிச் சரிபார்ப்பதும் இதே எண்ணத்தில்தான்.

நான்காம் படி: குழிமாற்று

குழிமாற்று நிலத்தின் பரப்பைக் காணும் கணக்கு. நீளத்தையும் அகலத்தையும் கோலால் அளந்து, இரண்டையும் பெருக்கினால் குழி கிடைக்கும். தஞ்சைப் பகுதி வழக்கில் 100 குழி ஒரு மா; 20 மா ஒரு வேலி. ஒரு வேலி ஏறக்குறைய 6.6 ஏக்கர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலியில் இருபதில் ஒரு பங்கு மா. முதற்படியில் மனப்பாடம் செய்த 1/20 என்ற பின்னத்தின் பெயரும் மா. எண்ணுக்கும் நிலத்துக்கும் ஒரே பெயர்.

வயல்கள் முழு எண்ணுக்குள் அடங்குவதில்லை. நீளம் பன்னிரண்டரைக் கோல், அகலம் எட்டேகால் கோல் உள்ள ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டெட்டு 96. பன்னிரண்டு கால் 3. எட்டரை, அதாவது எட்டின் பாதி, 4. அரைக் கால் என்பது காலின் பாதி, 1/8. ஆக நூற்று மூன்றே அரைக்கால் குழி. அதாவது ஒரு மாவும் மூன்றே அரைக்கால் குழியும். இந்த ஒரு கணக்கைப் போட முந்தைய மூன்று படிகளும் வேண்டியிருப்பதைப் பார்க்கலாம்.

இறுதிப்படி: கணக்கதிகாரம்

வாய்பாடுகளில் தேர்ந்தவர்களில் சிலரே இந்தப் படிக்கு வந்தனர். கணக்கதிகாரம் காரிநாயனார் இயற்றியதாக அறியப்படும் செய்யுள் நூல். ஆஸ்தான கோலாகலம் இதே வகையைச் சேர்ந்த மற்றொரு நூல். நிலம், பொன், நெல், கூலி, காலம் ஆகியவை பற்றிய கணக்குகளுக்கு இவை வழி சொல்கின்றன. வட்டத்தின் சுற்றளவில் பாதியையும் விட்டத்தில் பாதியையும் பெருக்கினால் பரப்பு வரும் என்று கணக்கதிகாரம் சொல்கிறது. இன்றைய சூத்திரத்தில் இட்டுப் பார்த்தாலும் அது முற்றிலும் சரி. பலாப்பழத்தை அறுக்காமல், காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்துச் சுளைகளின் எண்ணிக்கையைச் சொல்லும் கணக்கும் இதில் உண்டு. இதை மட்டும் பழத்தை அறுத்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

இந்தப் படியில் மாணவர் தாமே யோசிக்க வேண்டும். நான் அமைத்த ஓர் எளிய எடுத்துக்காட்டு: ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று நாழி கூலி என்றால், எட்டுப் பேருக்குப் பன்னிரண்டு நாளைக்கு எவ்வளவு? விடை 288 நாழி, அதாவது மூன்று கலம்.

மனப்பாடம் மட்டும்தானா?

திண்ணைப் பள்ளி என்றாலே உருப்போடுதலும் பிரம்படியும்தான் என்று சொல்வோர் உண்டு. பிரம்பு மட்டுமல்ல, பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற கொடிய தண்டனையும் இருந்தது. அதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் கணக்கு கற்பித்த வரிசையைக் கூர்ந்து பார்த்தால், அங்கே மனப்பாடமே முடிவு அல்ல என்பது தெரியும். தாளும் பலகையும் எளிதில் கிடைக்காத இடத்தில் நினைவுதான் எழுதுபலகை. களத்தில் நின்றுகொண்டே விடை சொல்ல வேண்டிய வேலைக்கு அந்த நினைவு தேவைப்பட்டது.

யாருக்குக் கிடைத்தது?

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடமிருந்து பள்ளிகள் பற்றிய விவரம் கேட்டார். வந்த விவரங்களைத் தொகுத்து 1826 மார்ச் 10 அன்று எழுதிய குறிப்பில், மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாகவும், சுமார் ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்றும் குறிப்பிட்டார். இந்த எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கு வந்தவர்களில் பெண் பிள்ளைகள் மிகச் சிலரே. தீண்டாமைக்கு ஆளான மக்களின் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணை பெரும்பாலும் எட்டாததாகவே இருந்தது.

இதன் விளைவு சிறியதல்ல. கணக்குப்பிள்ளை ஓலையில் எழுதியதைச் சரிபார்க்க நெல்லிலக்கம் தெரிய வேண்டும். களத்தில் கூலி வாங்குபவருக்கு அது கற்பிக்கப்படவில்லை. மூன்று கலம் வர வேண்டிய இடத்தில் இரண்டே முக்கால் அளந்தால், இருபத்துநான்கு நாழி குறைந்துவிட்டது என்று கேட்க அவரால் இயலாது. கணக்கு அறிந்தவருக்கு அது கருவி. அறியாதவர் மேல் அதுவே அதிகாரம்.

மாற்றம்

1854ஆம் ஆண்டின் சார்லஸ் வுட் கல்வி அறிக்கைக்குப் பின்னர் அரசு மானியம் பெறும் பள்ளிகள் பெருகின. வகுப்பு வாரியான பாடத்திட்டம், ஆய்வாளர் வருகை, தேர்வு, கற்பலகை ஆகியவை வந்தன. கணக்குப் பாடம் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்ற செயல்களின் வரிசைக்கு மாறியது. பின்னம் பிந்தைய வகுப்புக்குப் போனது. ஆயினும் எண்சுவடி அச்சேறி, வீடுகளிலும் கடைகளிலும் நெடுங்காலம் புழங்கியது. ரூபாய்க்கு 16 அணா என்ற வரையில் வீசக் கணக்கு உயிரோடு இருந்தது. ஓரணா என்பது ரூபாயில் வீசம்தானே! 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு 100 நயா பைசா நடைமுறைக்கு வந்தது. அதையடுத்து மெட்ரிக் அளவைகளும் வந்தன. படியும் மரக்காலும் கடையை விட்டுப் போயின. அவற்றோடு பழைய பின்ன வாய்பாடுகளும் போயின.

பத்தின் மடங்கில் அமைந்த அளவைகள் எளியவை. எல்லா ஊருக்கும் பொதுவானவை. பழைய மரக்காலுக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்லப் போவதில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடநூல் என்பது திண்ணை தராத நீதி.

எனினும் ஒன்றை என் வகுப்பறையில் கண்டேன். ஆறாம் வகுப்பில் 1/4இல் பாதி எவ்வளவு என்று கேட்டால், பலர் 1/2 என்று எழுதுவார்கள். ஒருமுறை கடைசி வரிசையில் இருந்த மாணவி மட்டும் "அரைக்கால், ஐயா" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, பாட்டி அரைக்கால் படி என்று சொல்வார் என்றாள். அதை 1/8 என்று எழுத வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. அன்றைய பாடத்தைக் கரும்பலகையை விட்டுவிட்டு ஒரு படியையும் கொஞ்சம் மணலையும் வைத்து நடத்தினேன். அந்த மாணவிதான் அளந்து காட்டினாள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் திண்ணையில் அவளுக்கு இடம் இருந்திருக்காது. அங்கே கற்பித்தவற்றில் ஒரு சொல் மட்டும் பாட்டியின் வழியாக அவளிடம் வந்து சேர்ந்திருந்தது.