கொள்ளைநோய்க் காலமும் செவிலியர் இல்லமும்

கொள்ளைநோய்க் காலங்களில் செவிலியரைப் பற்றி எழுதப்பெற்றவற்றுள் மிகப் பெரும்பான்மையானவை அவரை நோயாளியின் கட்டிலருகே தனித்து நிற்கும் ஓர் உருவமாகவே பாவித்து வந்துள்ளன. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து இருநூறு ஆண்டுகள் நிறைவதையொட்டி, 2020-ஆம் ஆண்டைச் செவிலியர், மருத்துவச்சியர் ஆண்டாக உலக சுகாதார நிறுவனம் முன்னரே அறிவித்திருந்ததும், அவ்வாண்டு மார்ச் 11 அன்று அதே நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று எனப் பிரகடனம் செய்ததும், மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு நம் மக்கள் வாயிலிலும் மாடியிலும் நின்று கைகொட்டித் தட்டுகளை ஒலித்ததும் இப்பாவனைக்கு மேலும் வலுவூட்டின. அந்த ஒலியில் கபடம் இருந்ததாக நான் கருதவில்லை. ஆயினும், பெருந்தொற்றுக் காலச் செவிலியப் பணியைத் தாங்கியது ஒரு குடும்பம் முழுவதும் என்பதும், அக்குடும்பத்தின் உழைப்பும் அது ஏற்ற அபாயமும் செவிலியர் உயிரோடிருக்கும்வரை எந்த அரசாங்கக் கணக்கிலும் ஏறாமல், அவர் இறந்த பின்னரே ஏறின என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இதற்கான பிரமாணம் 2003-ஆம் ஆண்டின் சார்ஸ் நோயிலேயே கிடைத்திருந்தது. உலகெங்கும் அந்நோய் கண்ட 8,096 பேரில் 1,706 பேர், அதாவது ஐவரில் ஒருவர், மருத்துவப் பணியாளர்கள். கனடா நாட்டு டொராண்டோ நகரத்தில் அப்போது விதிக்கப்பட்ட பணித்தனிமை என்னும் ஏற்பாட்டின்படி, நோய்த்தொடர்புக்கு உள்ளான செவிலியர் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையே மட்டும் சென்று வரலாம். வீட்டிலோ முகக்கவசம் அணிந்து, தனியே உறங்கி, தனிப் பாத்திரத்தில் உண்ண வேண்டும். ஆணை செவிலியருக்குப் பிறப்பிக்கப்பட்டதேயெனினும், அறையை ஒழித்துக் கொடுத்தும், சமைத்து வைத்தும், தாயை அணுக முயலும் குழந்தையைத் தடுத்தும் அதை நிறைவேற்றியவர்கள் வீட்டார். அந்நகரில் இந்நோயால் இறந்த செவிலியர் இருவருள் ஒருவரின் கணவரும் நோயுற்று, அவருக்கு முன்பே மாண்டார். மேலே கூறிய 1,706 என்ற தொகையில் இத்தகைய கணவருக்கு இடமில்லை. அவ்வாண்டு மே மாதத்தில், நோய் ஓய்ந்துவிட்டதென்று அதிகாரிகள் நம்பியிருந்த வேளையில், வார்டில் காரணம் புலனாகாத நிமோனியா மீண்டும் தென்படுகிறதென்று அங்கே ஒரு மருத்துவமனைச் செவிலியர் எச்சரித்ததும், அது செவிமடுக்கப்படாமல் போனதும், நோயின் இரண்டாம் அலை மூண்டதும் நீதிபதி ஆர்ச்சி கேம்பெல் தலைமையிலான விசாரணை ஆணையத்தின் அறிக்கையில் விரிவாகப் பதிவாகியுள்ளன. அபாயத்தை முதலில் கண்டவரின் சொல்லுக்கு மதிப்பில்லாத இடத்தில், அவருடைய இல்லத்தாரை எவர் நினைத்துப் பார்த்திருக்கப் போகிறார்?

தமிழ்நாட்டு நிலைமையைச் சற்று நின்று நோக்குவோம். 2020 மார்ச் 7 அன்று இங்கே முதல் நோயாளி கண்டறியப்பட்ட பின், அரசு மருத்துவமனைகள் பலவற்றில் ஒரு வாரம் கொரோனா வார்டில் பணியும், அதையடுத்து ஒரு வாரம் விடுதியிலோ ஓட்டல் அறையிலோ தனிமையும் என்ற முறை வழக்கத்துக்கு வந்தது. கவச உடையை அணிந்தபின் கழற்றும்வரை தண்ணீர் அருந்தவும் கழிவறை செல்லவும் இயலாத துன்பத்தையும், மாதவிலக்கு நாட்களில் அது இரட்டிப்பானதையும் பத்திரிகைகள் ஓரளவு எழுதின. ஆனால் செவிலியர் வீட்டில் இல்லாத அவ்விரு வாரங்களில் அடுப்பை மூட்டியவர் யார்? பள்ளிகள் மூடியிருந்தன, ஒரே செல்பேசியில் இரு பிள்ளைகளுக்கு வகுப்பு நடந்தது, முறைவாசல் முதல் பாத்திரம் துலக்குவது வரை மூத்த பெண்ணின் தலையில் விழுந்தது, கைக்குழந்தையைப் பாட்டியோ மாமியாரோ ஏற்றுக்கொண்டார். இங்கேதான் பலரும் கவனியாத ஒரு விபரீதம் உள்ளது. இந்நோய் முதியோருக்கும், அவருள்ளும் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உடையோருக்கும் மிகக் கொடியது என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. செவிலியர் பணிக்குச் செல்வதற்குக் குழந்தையைக் காக்கும் முதியவள் ஒருத்தி வீட்டில் இன்றியமையாதவள். அவர் பணியிலிருந்து திரும்புவதால் எல்லாரினும் மிகுந்த அபாயத்துக்கு உள்ளாகிறவளும் அவளே. மருத்துவமனையின் டூட்டி பட்டியல் இப்படிப்பட்ட முதியவளின் தோள்மேல் நின்றது. அதைத் தயாரித்தவர்கள் அவள் இருக்கிறாளா என்று வினவவும் இல்லை.

தனிமை முடிந்து வீடு திரும்பிய பின்னரும், தனிமைக்கு வசதி செய்து தராத தனியார் மருத்துவமனைகளிலிருந்து அன்றாடம் வீடு திரும்பிய செவிலியருக்கும், அச்சம் தீர்ந்தபாடில்லை. கொல்லைக் குழாயடியில் குளித்து, உடுத்தியதைச் சோப்பு நீரில் ஊறவைத்து, அதன் பிறகே உள்ளே கால் வைப்பது என்ற நியமம் கொல்லையுள்ள வீட்டுக்குப் பொருந்தும்; ஒரு கூடமும் ஒரு சமையலறையும் மட்டுமே கொண்ட வாடகை வீட்டில் தனியறைக்கு எங்கே போவது? வாசலில் ஒட்டப்பட்ட தனிமைப்படுத்தல் அறிவிப்பு தெரு முழுவதற்கும் செய்தி சொல்லிற்று. அத்தகைய அறிவிப்பைத் தக்க அதிகாரியின் ஆணையின்றி ஒட்டலாகாதென்று உச்ச நீதிமன்றம் கூறியது 2020 டிசம்பரில். அதற்குள் எத்தனையோ வீட்டுக்காரர்கள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டனர்.

பொருளாதார நெருக்கடியும் இதனோடு பிணைந்தது. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கால் ஆட்டோவும் கடையும் நின்றுபோக, கணவனின் வருவாய் அற்ற வீடுகளில் செவிலியரின் சம்பளமே ஜீவனோபாயம் ஆயிற்று. அவர் விரும்பிப் பணிக்குச் சென்றார் என்று நாம் எளிதாகக் கூறும் கூற்றை இந்த நிலையில் வைத்தே மதிப்பிட வேண்டும். மறுபுறம், 2020 மே மாதத்தில் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளில் பணியாற்றிய மணிப்பூர் முதலிய மாநிலங்களின் செவிலியர் முந்நூறு பேருக்கு மேல் வேலையைத் துறந்து ஊர் திரும்பியபோது, கடமையைக் கைவிட்டார்கள் என்று சிலர் பழித்தனர். பாதுகாப்புக் குறைவும், அயலூரில் எதிர்கொண்ட அவமதிப்பும், தொலைவிலிருந்த பெற்றோரின் கலக்கமும் அம்முடிவின் காரணங்களாகக் கூறப்பட்டன. அவை அற்பமானவை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செவிலியத் தொழிலை ஏற்றவர் அதன் அபாயத்தையும் ஏற்றவரே, போர்வீரனைப் போல, என்று ஓர் ஆட்சேபம் எழலாம். போர்வீரன் தன் குடும்பத்தைப் போர்முனைக்கு அழைத்துச் செல்வதில்லை என்பது அதற்கு விடை. செவிலியரின் சம்மதம் அவருக்கு மட்டுமே உரியது. அவருடைய மாமியாரும் மகளும் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை.

சட்டமும் அரசும் ஒன்றுமே செய்யவில்லை என்பது நியாயமாகாது. 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தை 2020 ஏப்ரலில் அவசரச் சட்டத்தின் வாயிலாகத் திருத்தி, மருத்துவப் பணியாளருக்குக் கொடுங்காயம் விளைப்போருக்கு ஏழாண்டு வரை சிறை என்று விதித்ததும், அவர்தம் வாழ்க்கைச் சூழலைக் குலைக்கும் தொல்லையையும் வன்முறையின்பாற் படுத்தியதும் பாராட்டத்தக்கவை. மருத்துவப் பணியாளருக்கு உரிய ஊதியமும் தனிமை வசதியும் மறுக்கப்படலாகாதென்று அவ்வாண்டு ஜூனில் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்குச் செவிலியருக்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. ஆயினும் குடும்பம் என்ற சொல் இந்த ஏற்பாடுகளுள் தெளிவாக வந்த இடம், பணியில் இறந்தோர்க்கான 50 இலட்சம் ரூபாய்க் காப்பீட்டில்தான். கேரளத்தில் 2018 மே மாதம் நிபா நோயாளிக்குப் பணிவிடை செய்து உயிர்நீத்த செவிலியர் லினியின் குழந்தைகள் இருவர்க்கும் தலா 10 இலட்சம் ரூபாயும் கணவருக்கு அரசுப் பணியும் அம்மாநில அரசு அளித்தது, தக்க செயலே. ஆனால் உயிர் பிழைத்த செவிலியரின் இல்லம் அனுபவித்ததற்கு அப்படியொரு தலைப்பு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் கிடையாது.

இல்லத்தாரின் பாடு எவர் கணக்கிலும் ஏறாமல் போனதற்கு அடிப்படை, பணியின் நிலையின்மை. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வில் வென்ற செவிலியர் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்டு, இரண்டாண்டுகளில் காலமுறை ஊதியம் பெறுவோம் என்னும் நம்பிக்கையில் பல ஆண்டுகள் காத்திருந்தனர். பெருந்தொற்றின்போது மாதம் 14,000 ரூபாய்க்கு அவசரமாக நியமிக்கப்பட்டவர்களின் நிலை இதனினும் மெலிந்தது. நிரந்தரமற்றவர், தம் வீட்டில் நோயுற்ற தாய் இருப்பதை மேலதிகாரியிடம் எடுத்துரைக்கவும் அஞ்சுவார். ஆகவே அடுத்த தொற்று வருமுன் செய்யத்தக்கவை புதிய புகழுரைகளல்ல: காலமுறை ஊதியத்தில் நியமனம், டூட்டி பட்டியல் வகுக்கும்போதே வீட்டின் கைக்குழந்தையையும் முதியவரையும் கணக்கிற்கொள்ளும் விதி, செவிலியர் வீட்டில் இல்லாத வாரங்களுக்குக் குடும்பப் பராமரிப்புப் படி. இவற்றுக்கான செலவு பெரிது என்பார்க்குக் கூறுவது, அச்செலவு இதுவரையும் நடந்தே வந்தது, வீட்டார் அதைச் செலுத்தி வந்தனர் என்பதே. ஆனால் நடந்ததோ வேறு: அவசர நியமனம் பெற்ற செவிலியர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டது. அவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பின்னரே, மாவட்டச் சுகாதாரச் சங்கங்களின் வழியே மாற்றுப் பணி என்ற அறிவிப்பு வந்தது, அதுவும் தொகுப்பூதியத்தில்.